செடிக்கும் உரிமை உண்டு, தண்ணீருக்கும் கணக்கு உண்டு



சித்திரை பிறந்துவிட்டால் திருவண்ணாமலை நகரில் வெயில் இருமுறை சுடுகின்றது. பகலில் சூரியன் சுடுகின்றது. பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறையும் மாடித்தளமும் இரவில் அந்த வெப்பத்தை மெல்ல வெளிவிட்டு மீண்டும் சுடுகின்றன. மே 4 ஆம் நாள் முதல் 28 ஆம் நாள் வரை மக்கள் கத்திரி என்று கணக்கிடும் அந்த நாட்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இப்பகுதிக்குப் புதிதன்று. கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலை வாடுகின்றது; மாடியிலுள்ள மல்லிகைத் தொட்டி துவள்கின்றது. அதைக் காண்பவரின் கை தானாகவே குழாயைத் திறக்கின்றது.

அதே நேரத்தில், இரண்டு தெருக்களுக்கு அப்பால் ஒரு தாய் லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கக்கூடும். ஆகவே கோடையில் தோட்டம் வளர்ப்போர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. நம் செடி குடிக்கும் தண்ணீர் யாருடைய பங்கிலிருந்து வருகின்றது?

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக அமையும் என்ற நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். தேவைக்கு மிஞ்சிய நீரைப் பிறருக்குத் தராமல் தடுப்பதை நபி (ஸல்) அவர்கள் விலக்கியிருக்கின்றார்கள் என்பதையும் அறிவோம். இவ்விரண்டையும் ஒருசேரப் பேணுவது எப்படி? குடிநீரில் ஒரு குடமும் குறையாமல், கோடையில் செடியைக் காப்பது இயலும். அதற்கான அன்றாட வேலைகளை இக்கட்டுரையில் காண்போம்.

பாறையின் மேல் அமைந்த ஊர்

திருவண்ணாமலை கடும்பாறைப் பகுதியில் அமைந்துள்ளது. ஆற்றுப்படுகை ஊர்களில் இருப்பதுபோல் ஆழமான மணல் அடுக்கு இங்கு இல்லை. பாறையின் மேலுள்ள சிதைந்த மண்ணிலும், பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நிலத்தடி நீர் தங்குகின்றது. மழைக்காலத்தில் விரைவில் நிறையும் கிணறு, கோடையில் விரைவில் அடிகாண்பதற்கு இதுவே காரணம். பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணறும் நம்முடையதும் ஒரே வெடிப்பிலிருந்து நீர் எடுப்பதாகவும் இருக்கலாம். நாம் இரண்டு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டால் அவருடைய குழாயில் காற்று வருவது அதனால்தான்.

நகரின் குடிநீருக்குத் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1958 இல் பயன்பாட்டுக்கு வந்த சாத்தனூர் அணை கைகொடுக்கின்றது. ஆயினும் சித்திரைப் பௌர்ணமிக்கு இலட்சக்கணக்கானோர் வந்து கூடும் ஊர் இது. 2024 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த பின் தேவையும் வளர்ந்துகொண்டே செல்கின்றது. குழாயில் வரும் நீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உரியது. அதைச் செடிக்குத் திருப்பிவிடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

மலை கற்பிக்கும் பாடம்

இன்று பசுமை படர்ந்து காணப்படும் அண்ணாமலை, 1980களில் பெரும்பாலும் மரமின்றி வெறுமையாகக் கிடந்தது. அதன்பின் தொண்டு அமைப்புகளும் ஊர்மக்களும் வனத்துறையும் ஆண்டுதோறும் உழைத்து, இம்மண்ணுக்குரிய மரங்களை மீண்டும் வளர்த்து வருகின்றார்கள். அவர்களின் வேலை முறையை உற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அவர்கள் கன்றுகளை மழைக்காலத்தில் நடுகின்றார்கள். கோடையை ஒட்டி, மலைச்சரிவில் காய்ந்து நிற்கும் புல்லை நீண்ட பட்டைகளாக வெட்டி அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றார்கள். தீப்பிடித்தால் ஓடிச்சென்று அணைக்கின்றார்கள்.

அதாவது மழைக்காலம் நடுவதற்கு. கோடைக்காலம் நட்டதைக் காப்பதற்கு. நம் வீட்டுக் கொல்லைக்கும் இதே கணக்குத்தான். சித்திரை, வைகாசியில் புதிய கன்று வாங்கி நடும் ஆர்வத்தைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள்.

மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு நபிமொழி கூறுகின்றதே என்று சிலர் கேட்கலாம். நம்பிக்கையை இழக்கலாகாது என்பதன்றோ அதன் பாடம்! கையில் கன்று இருந்தால் அதை நாற்றுப் பையிலேயே நிழலில் வைத்து, ஆடியிலோ ஐப்பசியிலோ மழை தொடங்கும் வரை காப்பாற்றுங்கள். அதுவும் நடுவதன் ஒரு பகுதியே. வெயிலில் நட்டு ஒரே வாரத்தில் கருகவிட்ட கன்றினால் பறவைக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை.

வீட்டில் ஏற்கெனவே செலவான நீர்

கோடைத் தோட்டத்துக்குரிய நீர் நம் வீட்டிலேயே நாள்தோறும் சாக்கடைக்குச் செல்கின்றது. அதில் முதலாவது ஒளுச் செய்த நீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரால் ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸ்களில் வருகின்றது. நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு என்று முத்துக்கு விளக்கம் கூறுவர். குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்யும் நாம் எவ்வளவு செலவிடுகின்றோம்? ஒரு நாள் குழாயின் கீழே வாளியை வைத்து அளந்து பாருங்கள். சிக்கனமாகச் செய்து ஒருவருக்கு ஒருவேளைக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து வேளைக்கு 50 லிட்டர் ஆகின்றது.

இந்த 50 லிட்டர் எதற்குப் போதும்? ஓரடி அகலமுள்ள 15 தொட்டிகளுக்குத் தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 22 லிட்டருக்குச் சற்று மேல். நிலத்தில் வேரூன்றிய முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகிய மூன்றுக்கும் வாரம் இருமுறை பத்துப் பத்து லிட்டர் என்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லிட்டர். அதன் பிறகும் நீர் மீதமிருக்கும். ஒரு நடுத்தர வீட்டின் தோட்டத்தை ஒளு நீரே காப்பாற்றிவிடும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகின்றது.

ஒருமுறை ஒளுவுக்குப் பயன்பட்ட நீரைக் கொண்டு மீண்டும் ஒளுச் செய்ய முடியாது என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. எனினும் அது அசுத்தமான நீரன்று. செடிக்கு ஊற்றுவதில் தடையேதும் இல்லை. ஒளுச் செய்யும் இடத்தில் அகன்ற தொட்டி ஒன்றை வைத்தாலே போதும். வசதியுள்ளவர்கள் அந்தக் குழாயின் வடிகாலை மட்டும் தனியே பிரித்துக் கொல்லைக்குக் கொண்டுசெல்லலாம். பள்ளிவாசல்களின் ஒளுத் தொட்டி நீரையும் இவ்வாறே வளாகத்து மரங்களுக்குத் திருப்புவது குறித்து ஜமாஅத் நிர்வாகிகள் சிந்திக்கலாம்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரையும் தயங்காமல் ஊற்றலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லாததால் தொட்டிச் செடிகளுக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் பின்வருவனவற்றில் எச்சரிக்கை தேவை:

துணி துவைத்த நீரில் சோடா உப்பு மிகுதி. அதை வாழை, சேம்பு, கல்வாழை போன்றவற்றுக்கு, அதுவும் இரண்டாவது முறை அலசிய நீரை மட்டும் விடலாம். கீரைக்கும் தொட்டிக்கும் கூடாது.

குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளித்தள்ளும் கழிவு நீரில், உள்ளே செல்லும் நீரைவிட உப்பு அதிகம். தரை கழுவவும் பாத்திரம் அலசவும் அதைப் பயன்படுத்துங்கள். தொடர்ந்து தொட்டிக்கு ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படிந்து, இலை நுனி கருகும்.

உப்புப் போட்டு வேகவைத்த நீரும் எண்ணெய் கலந்த நீரும் செடிக்கு ஆகா.

சேர்த்த நீரை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நாற்றமெடுக்கும். திறந்து கிடந்தால் கொசுவும் பெருகும்.

எப்போது, எவ்வளவு ஊற்றுவது?

பஜ்ர் தொழுகை முடிந்த வேளையே நீர் விடுவதற்கு மிகச் சிறந்தது. மே மாதத்தில் இங்குச் சூரியன் ஏறத்தாழ 5.45 மணிக்கு உதிக்கின்றது. அதற்கு முன்பின்னாக மண்ணும் குளிர்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். ஊற்றிய நீர் ஆவியாகாமல் வேருக்கு இறங்க நேரம் கிடைக்கும். அது இயலாதவர்கள் அஸருக்குப் பின், வெயில் தாழ்ந்ததும் விடலாம். நண்பகலில் விட்டால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் நீர் கொதிநீரைப் போல் வேரைத் தாக்குவதும் உண்டு.

இலையில் தங்கும் நீர்த்துளி பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்று பலர் நம்புகின்றார்கள். 2010 இல் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, வழவழப்பான இலைகளில் அவ்வாறு நிகழ்வதில்லை என்றும், மென்மயிர் அடர்ந்த இலைகளில் மட்டுமே அதற்கு வாய்ப்புண்டு என்றும் கண்டார்கள். எனவே நண்பகலில் நீர் விடாதிருப்பதற்கு உண்மையான காரணம் நீர் விரயமே.

நண்பகலில் இலை துவண்டால் பதற வேண்டாம். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை வெளிவிடும் வேகம் கூடும்போது செடி இலைகளைத் தளர்த்திக்கொள்கின்றது. மாலையில் தானே நிமிர்ந்துவிடும். மாலையிலும் நிமிரவில்லையென்றால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் நீர் வேண்டாம். ஈரமான மண்ணில் மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். வேர் அழுகிய செடியும் வாடியே நிற்பதால், தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மீண்டும் ஊற்றுகின்றோம். கோடையில் தாகத்தால் சாகும் செடிகளைப் போலவே அளவுக்கு மீறிய நீரால் சாகும் செடிகளும் உண்டு.

நிலத்திலுள்ள மரங்களுக்கு நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, வாரம் இருமுறை நிறைய ஊற்றுவது மேல். மேலோட்டமாகத் தெளித்தால் வேரும் மேலேயே தங்கிச் சூட்டில் கருகும். ஆழமாக நனைந்தால் வேர் ஆழத்தை நாடும். தண்டை ஒட்டி ஊற்றாமல், கிளைகளின் நிழல் விழும் ஓரத்தில் வட்டமாக வாய்க்கால் வெட்டி அதில் விடுங்கள். நீர் உறிஞ்சும் இளவேர்கள் அங்கேதான் மிகுதி.

மண்ணுக்கு ஒரு போர்வை

கோடை வேலைகளில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் மூடாக்குப் போடுங்கள். வெறும் மண்ணை வெயிலில் காயவிடாமல் சருகாலும் வைக்கோலாலும் மூடுவதே மூடாக்கு. நம் மாவட்டத்தில் நிலக்கடலை நிறைய விளைகின்றது. கடலைத் தோல் மலிவாகக் கிடைக்கும். தேங்காய் மட்டை, கரும்புச் சோகை, காய்ந்த வேப்பிலை ஆகியவையும் உதவும். இரண்டு, மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு கையகலம் மட்டும் இடைவெளி விடுங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகலும் கறையானும் வரும். கறையான் மிகுந்த இடத்தில் வேப்பம் புண்ணாக்குத் தூளை முதலில் தூவிவிடலாம்.

மலையடிவாரத் தெருக்களில் வசிப்போர் மூடாக்கில் கை வைக்கும் முன் ஒரு குச்சியால் கிளறிப் பார்ப்பது நல்லது. குளிர்ச்சியை நாடித் தேளும் பாம்பும் அங்கு ஒதுங்குவதுண்டு. குழந்தைகளைச் செருப்பின்றி அனுப்பாதீர்கள்.

சருகுகளைக் குவித்துத் தீ வைக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். செடிக்குப் போர்வையாகவும் பின்னர் உரமாகவும் ஆகக்கூடிய பொருளை அது சாம்பலாக்குகின்றது. அடிவாரத்தில் எரியும் ஒரு குப்பையிலிருந்து பறக்கும் பொறி, பலர் ஆண்டுக்கணக்கில் வளர்த்த மலைக்காட்டை ஒரே இரவில் கருக்கிவிடக்கூடும்.

புதைத்த பானை

சுட்ட மண்பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடி வைப்பது பானைப் பாசனம். சீன நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்முறை எழுதி வைக்கப்பட்டுள்ளது. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிகின்றது. சுற்றியுள்ள மண் காய்ந்தால் கசிவு கூடும், நனைந்திருந்தால் குறையும். செடி கேட்கும் அளவுக்கே நீர் செல்வதால் விரயம் மிகக் குறைவு. பானையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வெண்டையோ கத்தரியோ வைக்கலாம்.

பரணில் கிடக்கும் பழைய பானையைப் பயன்படுத்தும் முன் ஒரு சோதனை வேண்டும். நீர் நிரப்பிச் சில மணி நேரம் கழித்து வெளிப்புறம் வியர்த்தால் அது உதவும். நீரைக் குளிர்விக்காமல் நின்றுவிட்ட பானையின் துளைகள் உப்பால் அடைபட்டிருக்கும்; அதைப் புதைத்துப் பயனில்லை. வாயைத் தட்டால் இறுக மூடுங்கள். இல்லையேல் டெங்குக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தவர்களாவோம்.

நிழலும் ஓய்வும்

மாடித்தளத்தின் சூடு தொட்டியின் அடிவழியே வேரைத் தாக்கும். ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கற்களின் மேல் தூக்கி வையுங்கள். தனித்தனியே நிற்கும் தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழலாகும். மேற்கு வெயில்தான் மிகக் கொடியது. அந்தப் பக்கம் மட்டும் பழைய வேட்டியையோ பாதி நிழல் தரும் பச்சை வலையையோ கட்டினால் போதும்.

கடும் வெயிலில் யூரியா போன்ற உப்பு உரங்களை இடாதீர்கள். ஈரமில்லாத மண்ணில் அவை வேரைச் சுடும். மரங்களின் கிளைகளையும் இப்போது கழிக்க வேண்டாம். அந்த இலைகளே தண்டுக்குக் குடை. மல்லிகையின் கவாத்துக் காலம் கார்த்திகையை ஒட்டி வருவது. இப்போது அது பூக்கும் பருவம். பகல் வெப்பம் 35 டிகிரியைக் கடந்தால் தக்காளிப் பூக்கள் உதிர்வது இயல்பு. அதற்காக மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. இப்பருவத்தில் விதைக்க விரும்புவோருக்கு வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் ஏற்றவை. புதினாவை நிழலில் வளர்க்கலாம். கொத்தமல்லி சூட்டில் விரைந்து பூத்துவிடும்.

வறண்ட காற்றில் மாவுப்பூச்சியும் செம்பேனும் இலையின் அடியில் பெருகும். காலையில் இலையின் அடிப்புறம் படும்படி நீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும்.

தோட்டத்துக்கு ஓய்வு வேண்டுவதுபோல் தோட்டம் செய்பவருக்கும் வேண்டும். முதியோர்கள் காலை 8 மணிக்குப் பின் மாடிக்குச் செல்வதைத் தவிர்ப்பது நலம்.

மழைக்கு ஆயத்தம்

கோடையின் பெரிய வேலை, மழைக்கு ஆயத்தமாவதுதான். தமிழ்நாட்டில் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு 2003 இல் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது தோண்டிய குழிகள் பல வீடுகளில் மண்ணடைந்து கிடக்கின்றன. இம்மாதத்திலேயே அவற்றைத் தூர்வாரி, ஜல்லியைக் கழுவிப் போட்டு, மாடியையும் வடிகுழாயையும் துப்புரவு செய்யுங்கள். ஆயிரம் சதுரடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர் விழுகின்றது. திடீரென்று வரும் ஒரு கோடை மழையை நாம் வரவேற்கின்றோமா, தெருவுக்கு விரட்டுகின்றோமா என்பது இந்த ஒருநாள் வேலையில் அடங்கியுள்ளது. அடுத்த பருவத்தில் நடவிருக்கும் கன்றுகளுக்கான குழிகளையும் இப்போதே வெட்டி வெயிலில் காயவிடுங்கள். மண்ணிலுள்ள பூச்சிகள் அழியும்.

நிறைவாக

தோட்டத்தின் நிழலில் அகன்ற மண்சட்டி ஒன்றில் நீர் வைத்து, நாள்தோறும் மாற்றுங்கள். தாகத்தால் தவித்த ஒரு நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நபிமொழியை அறிந்த சமுதாயம் நாம். சிட்டுக்குருவிக்கும் அணிலுக்கும் வைக்கும் அந்தச் சட்டியை நிரப்பும் பொறுப்பை வீட்டிலுள்ள சிறு குழந்தையிடம் ஒப்படைத்துப் பாருங்கள். தண்ணீரின் அருமையை அது நம்மைவிட நன்றாகக் கற்றுக்கொள்ளும்.

இன்று மஃரிபுக்குள் மூன்று வேலைகளைத் தொடங்கலாம்: ஒளுச் செய்யும் இடத்தில் ஒரு தொட்டி, செடியின் அடியில் ஒரு கூடை சருகு, நிழலில் ஒரு சட்டி நீர். மூன்றுக்கும் பணம் தேவையில்லை; குடிநீரும் தேவையில்லை. கோடை முடிந்து முதல் மழை இறங்கும் நாளில் நம் கொல்லையில் கறிவேப்பிலையும் தளிர்த்திருக்கும். அண்டை வீட்டாரின் குடமும் குறையாதிருக்கும்.

அருளாகக் கிடைத்த நீரை அளவறிந்து செலவிடவும், அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.